மூன்றாந்தர முறைப்பாடு

மருதமுனை ஆகிலாவுக்கு முறைப்பாடுகளைத் தரம் பிரிக்கும் வேலை. கொழும்புக் கம்பனி ஒன்று மருத்துவ ஆய்வுகூடங்களுக்கு விற்ற மென்பொருளில் எங்கே கோளாறு என்றாலும், வீட்டிலிருக்கும் அவளுடைய கணினிக்குத்தான் வரும். வேலை நின்றுபோனால் முதலாந்தரம். பத்துப் பேருக்கு மேல் பாதிப்பென்றால் இரண்டாந்தரம். மற்றதெல்லாம் மூன்றாந்தரம், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கல்முனை ஆய்வுகூடமொன்றில் வேலை செய்யும் ஸுலைஹா ஒருநாள் எழுதியிருந்தாள்: அறிக்கைப் பட்டியலில் பெயரின் முதற்சொல் மட்டும்தான் தெரிகிறது. இங்கே வாப்பாவின் பெயர்தான் முன்னால் வரும். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து வந்தால் யார் யாரென்று தெரியவில்லை.

ஆகிலாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவளுடைய வாப்பா முகைதீன்பாவா ஜெஸீம், வாப்பாவின் தம்பியான சாச்சா முகைதீன்பாவா அஸ்கி. ஆனால் போன மாதம்தான் அக்கரைப்பற்று முறைப்பாடு ஒன்றை மேலே ஏற்றப்போய், மேலாளர் நிரோசனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். "உங்கட ஊர்ப் பிரச்சினையெண்டா எல்லாமே உயிர்ப் பிரச்சினைதான் போல." வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மூன்றாந்தரத்தில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். வேலையும் நிரந்தரமானது.

அடுத்த வருடம் வாப்பாவும் சாச்சாவும் ஒரே மோட்டார் சைக்கிளில், வெறும் வயிற்றோடு, அதே ஆய்வுகூடத்துக்கு இரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள்.

"எனக்கு ஒண்டுமில்லையாம் புள்ள," என்றார் வாப்பா. "தம்பிக்குத்தான் கிட்னி பழுதாம். பாவம்."

எட்டு மாதம் சாச்சா உப்பில்லாமல் தின்று வாடினார். அவருக்காகத் தொழுது துஆக் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா கால் வீங்கி விழுந்த பிறகுதான், அறிக்கைகள் மாறிப்போன கதை தெரிந்தது. இப்போது வாப்பாவைக் கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோகிறார்கள்.

மன்னிப்புக் கேட்க வந்த ஸுலைஹா, ஆகிலாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழுதாள். "நான் அப்பவே எழுதி அனுப்பினநான் ராத்தா. கொழும்பில ஒருத்தரும் கண்டுக்கல்ல."

உம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நீ என்ன செய்வாய் மகள். அதப் பாத்தும் பாக்காம உட்டவன் நல்லா இரிப்பானா?"

ஆகிலாவுக்குக் கோழை என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அறைக்குள் போய்ப் பழைய முறைப்பாட்டைத் திறந்து முதலாந்தரமென்று மாற்றினாள்.

வேலை நின்றதா என்று கணினி கேட்டது. இல்லை.

எத்தனை பேருக்குப் பாதிப்பு? வாப்பா, சாச்சா. இரண்டு என்று அடித்தாள். முறைப்பாடு தானாகவே மூன்றாந்தரத்துக்கு இறங்கி, அவள் வைத்த இடத்திலேயே போய் நின்றது.