கப் ஜெயிக்காத வரைக்கும்

என் அக்கா புருஷன் சென்றாயனுக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் அவர் காலில் பந்து பட்டு நான் பார்த்ததில்லை. மலைமேல் எடப்புளி நாட்டில் மிளகுக்கும் மரவள்ளிக்கும் நடுவே வளர்ந்தவர். எங்கள் பக்கத்தில் முதன்முதலாகக் கீழே இறங்கிக் கல்லூரியில் சேர்ந்தவர். அங்கே படித்துவிட்டு அவர் மலைக்குக் கொண்டுவந்தது இரண்டே இரண்டு. ஒன்று, கல்லூரி அணியின் மேல் ஒரு பைத்தியம். இன்னொன்று, அந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளியாக முள்ளுக்குறிச்சி நசீர் அகமது. டிகிரி ஒரு பேப்பரில் நின்றுபோய் கீழேயே தங்கிவிட்டது.

நசீரின் குடும்பத்துக்கு முள்ளுக்குறிச்சியில் இரும்புக் கடை. ஆணி, கொண்டி, பூட்டு, மண்வெட்டி எல்லாம் கிடைக்கும். நசீருக்கும் ஆடத் தெரியாது. மைதானத்தை விட்டு ஓடும் பந்தைப் பொறுக்கிவந்து கொடுப்பதுதான் இரண்டு பேரும் அணிக்குச் செய்த சேவை. படிப்பு முடிந்த பிறகும் தை மாசம் பிறந்தால் போதும், கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் கோப்பைப் போட்டிக்கு ஜோடி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் அக்கா பாவாயி பிரசவ வலியில் துடித்த அன்றைக்குக்கூட இந்த மனுஷன் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

இவ்வளவுக்கும் அந்த அணி ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கியதில்லை. இவர்கள் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது இறுதி ஆட்டம் வரை வந்து, கடைசி நேரத்தில் கோட்டை விட்டது. அந்த ஆத்திரத்தில்தான் இரண்டு பேரும் நேராக மலையேறி எங்கள் எல்லைச்சாமி கோயிலுக்குப் போனார்கள்.

அந்தக் கோயிலில் வேல்களுக்கு நடுவே ஒரு இரும்புச் சங்கிலி தொங்கும். வேண்டுதல் உள்ளவர்கள் அதில் ஒரு பூட்டை மாட்டிப் பூட்டிவிட்டுச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கேட்டது நடந்துவிட்டால் வந்து திறந்துவிட வேண்டும். திறக்காமல் தொங்கவிட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. கேட்டதே வேண்டாம் என்று மனம் மாறினாலும் சாமியிடம் சொல்லிவிட்டுத் திறந்துகொள்ளலாம். நசீர் தன் கடையிலிருந்தே ஒரு பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்திருந்தார். அவர் உள்ளே வரவில்லை, புளியமரத்தடியில் நின்றுகொண்டார். சென்றாயன் மாமா உள்ளே போய்ப் பூட்டை மாட்டி, வெளியே நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டு வேண்டினார்.

"எங்க காலேஜ் கப் ஜெயிக்கறதைப் பாக்காம எங்க ரெண்டு பேரு உசுரும் போகக்கூடாது சாமி!"

நசீர் அங்கிருந்தே சிரித்தாராம். "அப்ப கப்பே வேண்டாம்டா. தோத்துட்டே இருக்கட்டும், நாம நூறு வயசு இருக்கலாம்."

கடைப் பூட்டு என்பதால் சாவியும் நசீரிடமே இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் அணி தோற்றுத் திரும்பும்போது இவர்கள் முகத்தில் கவலையே இருக்காது. "இன்னொரு வருஷம் நீட்டிப்பு மாப்ளே" என்று மாமா என் முதுகில் தட்டுவார். செம்மேட்டில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன் நான். கையில் ஸ்பேனரோடு நிற்கிறவன் முதுகில் யாராவது அப்படித் தட்டுவார்களா? ஆனாலும் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தால் திட்ட வாய் வராது.

போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தோம். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் உள்ளே போனார். அந்த நாட்களில் நசீர் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தார். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவர், எங்களைவிட அதிகமாக அழுதார். மாமா பிழைத்து எழுந்து வந்தார். நசீருக்கு அப்போது ஒரு தலைவலிகூட இல்லை.

அப்படிப்பட்டவர் போன ஐப்பசியில், கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது அப்படியே கீழே உட்கார்ந்தார். அவ்வளவுதான். தூக்கியபோது உயிர் இல்லை.

மழையோடு மழையாக மாமாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பள்ளிவாசல் மையத்தாங்கரையில் எல்லாரோடும் சேர்ந்து மூன்று கைப்பிடி மண் போட்டார். அழவில்லை. வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"கப் இன்னும் ஜெயிக்கலையே மாப்ளே."

அந்த வேண்டுதல்தான் அவர் மனசில் ஓடுகிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அழவில்லை என்பதுதான் அக்காவுக்கும் எனக்கும் பயமாக இருந்தது. சோறு தின்றார், தோட்டத்துக்குப் போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். 

தை பிறந்தது. "நசீரு இல்லாத கிரவுண்டுல எனக்கென்ன வேலை?" என்று மாமா போட்டிக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தோம். மாமாவின் போன் அடித்தது. திரையில் 'நசீர்' என்று வந்தது.

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். மாமா வெறித்துப் பார்த்தாரே தவிர எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். பேசியது நசீரின் மகன் தவ்பீக். இப்போது அவன்தான் கடையைப் பார்க்கிறான். அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

"அத்தா போன்லருந்து பேசறேங்க. நம்ம காலேஜு மொத மேட்ச் ஜெயிச்சிருச்சுன்னு மாமாகிட்டச் சொல்லுங்க. அத்தா இருந்தா மொதல்ல அவருக்குத்தானே சொல்லிருப்பாரு."

நல்ல பிள்ளை. ஆனால் அன்றைக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த வாரம் அதே பெயர் மறுபடி திரையில் வந்தது. இரண்டாவது ஆட்டமும் ஜெயம். அரையிறுதியில் மூன்று கோல். அந்த ஒரு இறுதி ஆட்டத்துக்குப் பிறகு இத்தனை வருஷமாக முதல் சுற்றிலேயே மூட்டை கட்டும் அணி, நசீர் மண்ணுக்குள் போனதும் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு ஜெயத்துக்கும் மாமாவின் முகம் வெளுத்தது. அரையிறுதிச் செய்தி வந்த அன்று அவரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார்.

"அவன்தான் அங்கிருந்து தள்றான் மாப்ளே. தனியா இருக்க முடியல அவனுக்கு. கப் ஜெயிச்சா என் கெடு முடிஞ்சுது."

"பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க மாமா" என்றேன். ஆனால் என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

அக்கா ஒரே முடிவாக நின்றாள். "ஏனுங்க, இப்பவே போயி அந்த வேண்டுதலத் திருப்பி வாங்குங்க. பூட்டத் தொறந்து எறிஞ்சிட்டு வாங்க. கப்பும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்."

மாமா மறுக்கவில்லை. சாக அவருக்கும் பயம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் சாவி வாங்க முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினோம். நசீரின் மனைவி ஜீனத் பீவி, கணவரை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்ததால் எங்கள் முன்னால் வரவில்லை. தவ்பீக் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றிக் கொடுத்தான். அந்த வளையத்தில் இரண்டு சாவிகள் கோத்திருந்தன. ஒன்று பழசு, கறுத்துப்போனது. இன்னொன்று புதுசு, பளபளப்பாக இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஜீனத் பீவி பேசினார். "அந்தப் புதுச் சாவி போன வருஷம் சேர்ந்ததுங்கண்ணே. நீங்க ஆஸ்பத்திரில இருந்த சமயம். எந்தப் பூட்டுக்குன்னு கேட்டேன். சிரிச்சாரே ஒழிய சொல்லல."

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனோம். அக்காவும் வழியில் வந்து சேர்ந்துகொண்டாள். பனி இறங்கி, பட்டப்பகலிலேயே வேல்களின் நுனி தெரியவில்லை. சங்கிலியில் மாமாவின் பித்தளைப் பூட்டு பாசி பிடித்துத் தொங்கியது. அதன் வளையத்துக்குள்ளேயே கோத்து இன்னொரு பூட்டு தொங்கியது. பெரியது, புதுசு. மாமா அதைத் தொடவில்லை. திரும்பிப் பூசாரியைப் பார்த்தார்.

பூசாரி கருப்பண்ணன் நிதானமாகச் சொன்னார். "அது முள்ளுக்குறிச்சி பாயி மாட்டுனது. நீ கீழ ஆஸ்பத்திரில கெடந்தப்ப வந்தாரு. 'நான் கும்பிட மாட்டேங்க, அது எங்க மார்க்கத்துல இல்ல. பூட்ட மட்டும் மாட்டறேன், சொல்ல வேண்டியத நீங்க சொல்லிருங்க'ன்னாரு. நானும் சொன்னேன்."

"என்னன்னு?"

"'எனக்கு முன்னால என் சென்றாயன் போகக்கூடாது'ன்னு."

 பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, சொல்லாமல் விட்டிருக்க வேண்டியதையும் சொன்னார். "உன் நேரம் போன வருஷமே வந்துட்டுது போல. சாமி அவரு கேட்டதுக்காக நிறுத்தி வெச்சிருக்கு. ரொம்ப நாளு நிறுத்தி வெக்க முடியாதில்ல? அதான் அவர மொதல்ல அனுப்பிருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பூசாரியை நான் முறைத்த முறைப்புக்கு அவர் பற்றி எரிந்திருக்க வேண்டும். மாமாவோ, நாங்கள் நினைத்த மாதிரி உடைந்து விழவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. சங்கிலியைப் பிடித்து உலுக்கினார். அத்தனை பேருடைய பூட்டுகளும் சலசலத்தன.

"திருட்டுப் பய! என் சாவப் பாக்க இவனால முடியாதாம். இவன் சாவ மட்டும் நான் பாக்கலாமா? அழுவற வேலையப் பூரா என் தலையில கட்டிட்டுப் போயிட்டான் பாரு மாப்ளே!"

மூச்சு இரைக்கப் புதுச் சாவியை எடுத்து நசீரின் பூட்டைத் திறந்தார். கேட்டது நடந்துவிட்டது, திறக்கத்தானே வேண்டும். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பழைய சாவியைத் தன் பூட்டுக்குள் விட்டார். கை அப்படியே நின்றது.

"தொறங்க" என்றாள் அக்கா. "என் தாலி மேல ஆணை, தொறங்க."

மாமா சாவியை வெளியே உருவிவிட்டார். "இது அவனும் நானும் சேந்து கேட்டது பாவாயி. அவன் இல்லாதப்ப நான் மட்டும் வந்து வேண்டாம்னு சொன்னா, அது அவன மறுபடிக் கொன்ன மாதிரி. நாளைக்கு நான் மேட்சுக்குப் போறேன்."

அக்கா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மறுநாள் நானும் அவரோடு போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் காவலுக்குத்தான் போனேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வழக்கமாக அவர்கள் நிற்கும் இடத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றோம். மாமா தன் வலது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார். அங்கே வந்து நிற்கப் பார்த்த ஒருவரிடம் "ஆள் வருதுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆட்டம் முடியப் போகும் வரை கோலே விழவில்லை. நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டேன். இவர்கள் தோற்க வேண்டும், தோற்றுத் தொலைய வேண்டும், இன்னொரு வருஷம் நீட்டிப்பு வேண்டும். கடைசி நிமிஷங்களில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் ஒல்லியாக இருந்தான். வைத்த பந்தை இரண்டு தடவை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தான். வெளியே அடிடா தம்பி, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று நான் முணுமுணுத்தேன்.

பக்கத்தில் இடி இடித்த மாதிரி ஒரு குரல் கேட்டது.

"பயப்படாத சாமி! போடு! வலது மூலைல போடு கண்ணு!"

மாமாதான். கழுத்து நரம்பு புடைக்கக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். எதற்காகக் கத்துகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கத்தினார்.

நான் பந்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானம் முழுக்க எழுந்த சத்தத்தில்தான் கோல் என்று தெரிந்தது. மாமா இரண்டு கையையும் தூக்கினார். வலது பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய் மாத்திரையை எடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"நசீரு... டேய் நசீரு..." என்று ஓங்கி அழ ஆரம்பித்தார். ஐப்பசியிலிருந்து அடைத்து வைத்திருந்த அழுகை அது. கோப்பையைக் கொடுத்து முடித்து, கூட்டம் கலைந்து, பந்தலைப் பிரிக்கிறவர்கள் வந்த பிறகும் நிற்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும் வழியில் முள்ளுக்குறிச்சியில் இறங்கி மையத்தாங்கரைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். உள்ளே என்ன சொன்னார் என்று தெரியாது. வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் மலையேறி முதல் வளைவு திரும்பியதும் பழைய சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கேட்டது நடந்துருச்சு, தொறக்கோணும். ஆனா நானே தொறந்தா எனக்கு அழுகையா வரும். எல்லாம் முடிஞ்சப்புறம் நீ போயித் தொறந்துரு மாப்ளே. அக்காகிட்டச் சொல்லாத."

"எதெல்லாம் முடிஞ்சப்புறம்?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறார். அக்காவும் பேசத் தொடங்கிவிட்டாள். இப்போது மிளகு அறுப்பு நடக்கிறது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, யார் சொல்லியும் கேட்காமல் அவரே உச்சிவரை ஏறுகிறார். பனிக்குள் அவர் கால்கூடத் தெரிவதில்லை, மிளகுச் சரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு, சாவி பையில் கனக்க, தினமும் நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.