உஷாராணி அடைத்த ஓட்டை

பள்ளிபாளையத்தில் ஹரப்பா வேண்டுமென்றால் உஷாராணி கடைக்குத்தான் போக வேண்டும். எரிமலை வேண்டுமா, அங்கேதான். கீழடி உறைகிணறு, சிறுநீரகம், பாஸ்டில் சிறை, சூரியக் குடும்பம், குறிஞ்சியிலிருந்து பாலை வரை ஐந்து திணையும், எல்லாம் அங்கே கிடைக்கும். கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், நான்கு அலமாரி நோட்டுப் புத்தகம், பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கிய தெர்மாகோல் அட்டைகள், நடுவில் ஒரு மேசை. அந்த மேசையில்தான் உலக வரலாறும் உயிரியலும் தமிழிலக்கியமும் உருவாயின.

பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் கொடுக்கிறோம் என்று பள்ளிக்கூடங்கள் சொல்கின்றன. கொடுப்பது பிள்ளைகளுக்குத்தான். செய்வது யார் என்று கேட்டால் ஊரே வேறு பக்கம் பார்க்கும். அப்பனும் ஆத்தாளும் தறிப் பட்டறைக்கும் கடைக்கும் ஓடுகிற ஊரில், யாரால் உட்கார்ந்து மொகஞ்சதாரோ கட்ட முடியும்?

"உஷாக்கா, நம்ம ஷைமாவுக்கு நாளைக்கு ஹரப்பா பெருங்குளம் வேணுமாம். இந்நேரத்துக்கு வந்து சொல்றா பாருங்க, கழுதை" என்று மெத்தைக் கடை அக்தர் பானு மூச்சிரைக்க வந்து நிற்பாள்.

"போன வருசத்துக் கல்லணை ஒண்ணு கெடக்குது பானு. அணையப் பிச்சுப்போட்டு சுத்தியும் படிக்கட்டு வெச்சா பெருங்குளம் ஆயிரும். சித்தெ உக்காருங்க" என்பாள் உஷாராணி.

அதுதான் அவள் தொழில்முறை. கண்காட்சி முடிந்ததும் மாடல்கள் அவளிடமே திரும்பி வந்துவிடும். இந்த ஆண்டு எரிமலை அடுத்த ஆண்டு பச்சை பூசிக்கொண்டு குறிஞ்சி மலையாகும். ஒருமுறை ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரே எரிமலையோடு போய் நின்றதும், அறிவியல் எடுக்கும் ரஞ்சனி மிஸ் கடைக்கே வந்து, "ஏனுங்க உஷா, இத்தன எரிமலை வெடிச்சா பள்ளிக்கூடம் தாங்குமா?" என்று கேட்டதும் ஊரறிந்த கதை.

உஷாராணிக்குப் பிசிறு என்றால் ஆகாது. ஓரத்தில் ஒரு கோணல், பெயிண்டில் ஒரு விரல்தடம் கண்ணில் பட்டால் போதும், கை பரபரக்கும். கல்யாண மண்டபத்து மேடையில் மாப்பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து சாய்ந்திருந்தால், மொய் வைக்கும் முன் அதை நிமிர்த்திவிட்டுத்தான் இறங்குவாள். கணவன் தனபால் தறி மேஸ்திரி, அமைதியான மனிதன். "உன்ற கைய ஒரு நாளைக்குக் கட்டித்தான் போடோணும்" என்று சொல்லிச் சிரிப்பான்.

அவள் செய்வதில் எல்லாவற்றையும் விட அழகு இதயம்தான். ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள், நடுவே தடுப்புச் சுவர், வால்வுகள் என்று புத்தகத்தைப் பார்க்காமலே அறுத்துவிடுவாள். பார்த்தவர்கள் கைராசி என்பார்கள். கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. மகள் பிரவீனா கைக்குழந்தையாக இருந்தபோது, பால் குடிக்கக் குடிக்க நெற்றி வியர்க்கும், குடிக்க முடியாமல் மூச்சு வாங்கும், உடம்பு தேறவே தேறாது. கோயம்புத்தூர் டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, நடுச்சுவரில் ஒரு புள்ளி வைத்து, "இந்த எடத்துல ஓட்டைம்மா" என்றார். அந்தப் படத்தை உஷாராணி எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த ஓட்டை அடைபட வேண்டும் என்று அவள் ஏறாத கோயில் இல்லை. திருச்செங்கோட்டு மலையைப் படிப்படியாக முழங்காலிட்டே ஏறினாள். இரண்டு வயதில் ஆபரேசன் ஆயிற்று. ஓட்டையின் மேல் ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். பிள்ளை பிழைத்தது.

பிழைத்தது மட்டுமா, கபடி ஆடுகிறது, சண்டை போடுகிறது, தட்டு நிறையச் சோறு தின்கிறது. மிஞ்சியது கழுத்துக்குக் கீழே நேராக இறங்கும் ஒரு தழும்பு. அதைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் கிடையாது. "நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கோணும். இதயத்துல ஓட்டை இருந்த புள்ளைன்னா ஊரு உடுமா?" என்பாள் உஷாராணி. மகளின் சட்டைகளுக்கெல்லாம் கழுத்தை ஒட்டிப் பட்டன் வைத்துத் தைத்தது அவள்தான். சித்திரை வெயிலிலும் அந்தப் பட்டன் கழன்று யாரும் பார்த்ததில்லை.

பிரவீனா பத்தாவது வந்த வருடம், கண்காட்சிக்கு முந்தைய வாரம், கடைக்குள் வந்து நின்றாள்.

"அம்மா, இந்த வருசம் என்ற மாடல நானே செய்யறேன். நீ கை வெக்கப்படாது."

"என்னத்தச் செய்யப்போற?"

"இதயந்தான்."

"அதான் ஒண்ணு தயாரா இருக்குதே சாமி. ஒரு கோட்டிங் அடிச்சாப் போதும்."

"கை வெக்கப்படாதுன்னா வெக்கப்படாது. என்ற தலைமேல சத்தியம் பண்ணு."

"உன்ற தலைமேல எல்லாம் பண்ண மாட்டேன். போச்சாது போ, இந்தா" என்று ஜெராக்ஸ் மெஷின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள் உஷாராணி. மகளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

அந்த வாரம் உஷாராணி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் அவள் வழுவழுவென்று ஹரப்பாவுக்குப் படிக்கட்டு ஒட்டிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் மகள் ஸ்வீட் டப்பாக்களைக் கோணல்மாணலாக அறுத்துக்கொண்டிருந்தாள். உஷாராணி பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் பிரவீனா டியூஷனுக்குப் போயிருந்தாள். மாடல் செய்தித்தாளில் சுற்றி மேசை ஓரத்தில் இருந்தது. உஷாராணி மேசையைத் துடைக்கத்தான் அதைத் தூக்கினாள். தூக்கியவள் தாளை விலக்கினாள். பார்க்கத்தானே, பார்த்தால் என்ன?

ஒன்றைப் போலவே இரண்டு டப்பாக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சுவர். இடதுபுறம் ஊற்றச் சிவப்பு மசித் தண்ணீர், வலதுபுறம் ஊற்றச் சொட்டு நீலத் தண்ணீர், இரண்டும் பாட்டிலில் தனியாக இருந்தன. பெயர்ச் சீட்டு எதுவும் இன்னும் ஒட்டவில்லை. முதல் டப்பாவின் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, சூடு வைத்துப் பொசுக்கியதுபோல ஓரமெல்லாம் பிசிறு. இரண்டாவதில் அதே இடத்தில் ஒரு துணியை வைத்துக் கறுப்பு நூலால் தாறுமாறாகத் தைத்து மெழுகு ஊற்றியிருந்தது. உஷாராணி ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். முதல் டப்பாவில் அது அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

"அய்யோ சாமி, ஒழுகுதே" என்று பதறிப்போனாள். கம்பி பட்டு ஓட்டை விழுந்திருக்கும், பிள்ளை துணியை வைத்து ஒப்பேற்றப் பார்த்திருக்கிறது, மற்றதற்கு நேரமில்லாமல் விட்டுவிட்டது என்று அவளே ஒரு கதையைக் கட்டிக்கொண்டாள். நாளைக்கு அத்தனை பேர் முன்னால் சிவப்பும் நீலமும் கலந்துபோய், இதயம் விற்கிற உஷாராணி மகளின் இதயம் ஒழுகுகிறது என்று சிரிக்க மாட்டார்களா?

உள்ளே வந்த தனபால் பார்த்துவிட்டான். "ஏம்புள்ள, அதான் தொடக்கூடாதுன்னு சொல்லிச்சே."

"நீங்க சும்மா இருங். புள்ள அங்க போயி அழுதுட்டு நிக்கோணுமா?"

எம்-சீலைப் பிசைந்தாள். ஓட்டையை அடைத்தாள். இரண்டாவதில் துணியையும் நூலையும் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு அதையும் அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தாள். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. பழையபடி தாளைச் சுற்றி, சிந்தாமல் கொண்டுபோக அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டியும் விட்டாள். அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் காலையில் ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. சத்தியம் செய்த மெஷின் அல்லவா, அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெற்றவர்கள் பார்க்கும் நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மண்டபம் முழுக்க அவள் வேலைதான். பிள்ளைகள் அவளுடைய உறைகிணற்றையும் பாஸ்டிலையும் தாங்களே செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷைமா பெருங்குளத்தின் பக்கத்தில் ராணி மாதிரி நின்றாள்.

பிரவீனா கடைசி மேசையில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு முன்னால் இரண்டு டப்பாக்களிலும் சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும், புத்தகத்தில் போட்டதுபோல நின்றன. கீழே சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் "ஆபரேசனுக்கு முன்". இன்னொன்றில் "ஆபரேசனுக்குப் பின்". நடுவில் கொஞ்சம் பெரிய சீட்டு: "இது என் இதயம். பிறக்கும்போது நடுச்சுவரில் ஓட்டை இருந்தது. இரண்டு வயதில் ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன்."

உஷாராணி அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"நீதானே?" என்றாள் மகள்.

"ஒழுகுதுன்னு நெனச்சுட்டேன் சாமி."

"ஒழுகோணும்மா. அது அப்படித்தான் ஒழுகுச்சு. நீதானே பாத்த?"

பார்த்தவள் உஷாராணிதான். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்ததை இராத்திரி பகலாகத் துடைத்தவளும் அவள்தான். அதை மறைத்து மறைத்து, கடைசியில் கண்ணெதிரே இருந்தும் அடையாளம் தெரியாமல் போய்விட்டதே என்று நெஞ்சு வெந்தது.

ரஞ்சனி மிஸ், வெளியிலிருந்து வந்த நடுவர்களை முதல் மேசைக்குக் கூட்டி வருவது தெரிந்தது. பிரவீனா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"பரவால்ல உடும்மா. சாதா இதயம்னு சொல்லிக்கறேன். உனக்கும் அதுதானே வேணும்?"

அந்த ஒரு கணம் உஷாராணிக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்து வருடத்துக்கு மேல் கட்டிக் காத்தது அப்படியே இருக்கும். அப்போதுதான் மகளின் கை கழுத்துக்குப் போனதைப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் அந்தப் பட்டனைப் போடாமல் வந்திருந்தாள் பிள்ளை. இப்போது அதைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உஷாராணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"போடாத சாமி. அந்தச் சீட்ட எல்லாம் திரும்ப ஒட்டு."

பக்கத்து மேசையில் வேதியியல் பிள்ளைகள் ஸ்பிரிட் விளக்கு வைத்திருந்தார்கள். "கண்ணு, சித்தெ குடு, இப்பத் தந்தர்றேன்" என்று வாங்கினாள். முதல் டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரை வாளியில் கொட்டினாள். யாரிடமோ காம்பஸ் வாங்கி அதன் முள்ளை நெருப்பில் காட்டினாள். எத்தனையோ இதயங்களை அறுத்த கை அது. எந்த ஓட்டை அடைபட வேண்டும் என்று முழங்கால் தேய மலை ஏறினாளோ, அதைத் தன் கையாலேயே திறக்க வேண்டியிருந்தது. கண்ணில் நீர் முட்டி முள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பிரவீனா தன் கையை அவள் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். எம்-சீலைச் சுற்றிச் சுற்றிப் பிளாஸ்டிக்கைப் பொசுக்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு தட்டுத் தட்ட, அடைப்பு கழன்று விழுந்தது.

இரண்டாவது டப்பாவுக்கு ஒட்டு வேண்டும். பழைய துணி கடைக் குப்பையில் கிடந்தது. உஷாராணி அதன் தண்ணீரையும் கொட்டித் துடைத்துவிட்டு, தன் கைக்குட்டையில் ஒரு துண்டு கிழித்துப் பசை தடவி ஒட்டினாள். அவசரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்துபோயிற்று.

"அம்மா, கோணலா இருக்குது."

"இருக்கட்டும்" என்றாள் உஷாராணி. இப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததை அந்த ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிரவீனா இரண்டு டப்பாக்களிலும் மறுபடி சிவப்பையும் நீலத்தையும் ஊற்றினாள். முதல் டப்பாவின் ஓட்டை வழியாகச் சிவப்பு மெல்ல நீலத்துக்குள் போய், அந்தப் பக்கம் ஊதாவாக மாறத் தொடங்கியது. நடுவர்கள் இன்னும் வரவில்லை. அவர்களுக்கு முன்னால் அக்தர் பானு வந்துவிட்டாள், கூடவே இன்னும் இரண்டு மூன்று பெண்கள்.

"உஷாக்கா, இதும் உங்க கைவேலைதானா? ஏன் இது மட்டும் கலந்துபோச்சு?"

உஷாராணி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பானுவிடம் திரும்பினாள். அந்த மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் செய்யலைங்க. என்ற புள்ள பொறக்கையில அவ நெஞ்சுல இப்படித்தான் ஓட்டை இருந்துச்சு. அவளே சொல்லுவா, கேளுங்க."

பிரவீனா சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல, சாய்ந்த ஒட்டுத் துணியை நிமிர்த்தச் சொல்லித் தாயின் விரல் பரபரத்தது. உஷாராணி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள்.