நெரெய்தாவின் வாசலில் நின்ற கார்

மத்தான்சாஸ் நகரின் மேட்டுத் தெருவில் கார்புரேட்டர் பழுது பார்ப்பவள் நெரெய்தா. அவள் பார்க்கவே விரும்பாத வண்டி ஒரு காலையில் அவள் வாசலில் வந்து நின்றது. அவளுடைய அப்பா ஐம்பதுகளில் வாங்கிய அமெரிக்கக் கார். மருமகன் பேரில் அவர் எழுதி வைத்ததால், விவாகரத்தின்போது அவள் கணவன் எலியேசர் அதையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது மேட்டுக்குக் கீழே உள்ள டாக்சி ஸ்டாண்டிலிருந்து பக்கத்து ஊரான கார்தெனாசுக்குச் சவாரி அடிக்கிறான்.

பயணிகள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். பெட்ரோல் நாற்றம் தெருவெங்கும் அடித்தது.

“போன வருஷம் நீ கழட்டி மாட்டின கார்புரேட்டர்தான் வழிஞ்சு ஊத்துது. லட்சணமா வேலை பாத்திருக்கே,” என்றான் எலியேசர், எல்லார் காதிலும் விழும்படி.

“அப்பறம் ஏன் இங்க வந்தே? ஊருல வேற ஆள் இல்லியா?”

“நான் எங்க வந்தேன்? இவங்க தள்ளிக்கிட்டு வந்து நிறுத்தின எடம் உன் வாசல்.”

நெரெய்தா பானெட்டைத் தூக்கினாள். சூடான புகைக்குழாய் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. தீப்பிடித்தால் வண்டியோடு ஆட்களும் எரிந்து போவார்கள். அவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, இவனுக்காக இல்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தாள்.

கார்புரேட்டரைப் பிரித்து, பித்தளை மிதவையைக் காதோரம் குலுக்கினாள். உள்ளே பெட்ரோல் தளும்பவில்லை. வெந்நீரில் முக்கினாள், குமிழி வரவில்லை; ஓட்டை இல்லை. பெட்ரோலை அடைக்கிற ஊசியும் தேயவில்லை.

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடு,” என்று இளித்தான் எலியேசர்.

திரும்ப மாட்டிவிட்டு, “சாவிய மட்டும் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதே,” என்றாள்.

எஞ்சின் சுற்றவில்லை. ஆனாலும் பெட்ரோல் வழிந்தது. எஞ்சின் ஓடினால்தானே இந்தக் காரின் பம்ப் பெட்ரோலை இழுக்கும்? பின்பக்கம் வண்டு முரல்வது போலச் சத்தம் கேட்டது. டிக்கியைத் திறந்து உதிரி டயரை நகர்த்தினாள். அடியில் ஏதோ புது வண்டியின் மின்சார பம்ப். அது தள்ளுகிற வேகத்துக்கு எந்த ஊசி தாங்கும்?

“இது யாரு மாட்டினது?”

“பழசு ஓஞ்சு போச்சு. நாந்தான்.”

“அத மறச்சுட்டு எல்லார் முன்னாலயும் என் பேரக் கெடுக்குறே.”

“சொன்னா நீ கத்துவே.”

“இப்ப மட்டும் கொஞ்சுறேனா?”

அந்தப் பம்பைக் கழற்றி வாசல் மூலையில் எறிந்தாள். பழைய பம்பில் கிழிந்திருந்த சவ்வுக்குப் பதிலாக ரப்பர் துணியை வெட்டிப் பொருத்தினாள். அதற்குள் பயணிகள் ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. எலியேசர் அதை ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள், ‘அவ செஞ்ச தப்ப அவளே சரி பண்ணிட்டா’ என்று அவன் ஸ்டாண்டில் சொல்லித் திரிவது நெரெய்தாவின் காதுக்கு வந்தது. மூலையில் கிடந்த மின்சார பம்பை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டாண்டுக்கு இறங்கிப் போனாள். டிரைவர்கள் பார்க்க, அதை அவன் பானெட் மேல் டங்கென்று வைத்தாள்.

“டயருக்கடியில ஒளிச்சு வச்சிருந்தியே, அந்தச் சாமான். கேக்குறவங்களுக்குக் காட்டு.”

கிழட்டு டிரைவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத நீயே மாட்டிட்டு அவளத் திட்டிக்கிட்டிருந்தியா?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“போடி,” என்றான் எலியேசர், முகம் சிவக்க.

அவள் மேட்டில் ஏறினாள். பின்னால் அப்பாவின் கார் பிசிறில்லாமல் கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் கையில் அது அவ்வளவு நன்றாக ஓடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.