படகில் ஒரு பிரெஞ்சு வினைச்சொல்

பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்று யாரோ சொல்ல, சித்தப்பாவும் எடுத்தார். மார்க்குக்காக எடுத்தது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படித்தால் பாண்டிச்சேரிக் கல்லூரியில் பிரெஞ்சுதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை ஃபிட்டராக இருந்த அப்பாவோ, தம்பி டிப்ளமோ முடித்து ஆலைக்கே வர வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார்.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். சித்தப்பா சத்தம் போட்டுப் படிப்பவர். 'அல்லே' என்றால் போவது. ழ வே, த்யு வா, இல் வா: நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான். போவதற்கு எதற்கு வா வா என்கிறார்கள் என்று எனக்கு ஒரே குழப்பம். 'நாங்கள்' என்றதும் உருவமே மாறி 'நூ ஸலோன்' ஆகிவிடும். நாளைக்குப் போவதென்றால் 'ழிரே'. லத்தீனில் தனித்தனியாக இருந்த மூன்று சொற்கள் சேர்ந்து இந்த ஒன்றாகிவிட்டனவாம், மூன்று வீடுகளிலிருந்து வந்த மருமகள்கள் ஒரே அடுப்பில் சமைப்பதுபோல. நலமா என்று கேட்கவும் இதே சொல், சட்டை எடுப்பாக இருக்கிறது என்று சொல்லவும் இதே சொல். அம்மா சோறு வடிக்கும்போதும் எனக்குக் காய்ச்சல் கண்டபோதும் அது ஓயவில்லை. அப்பா மட்டும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

சித்தப்பா பிளஸ் டூ எழுதி முடித்த கோடை விடுமுறையில் சிதம்பரம் கோயிலுக்குப் போய்விட்டுப் பிச்சாவரத்தில் படகேறினோம். ஓர் இடம் காலியாக இருக்கவே, பாண்டிச்சேரியிலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருந்த வயதான பிரெஞ்சு அம்மா ஒருவரையும் எங்களோடு ஏற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று.

"எங்க, அந்தம்மாகிட்ட பேசு பாக்கலாம். பேசிட்டன்னா பாண்டிச்சேரி. இல்லன்னா டிப்ளமோதான்."

சித்தப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அவருக்கு மார்க் வாங்கத்தான் தெரியும், பேச வராது. அந்தம்மாவே "ஸ வா?" என்று நலம் விசாரித்தார். இவரும் "ஸ வா" என்றார். அதோடு சரக்கு தீர்ந்தது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே படகு போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மனப்பாடத்தை எடுத்துவிட்டார். ழ வே, த்யு வா, இல் வா. அங்கேயே நின்றுபோயிற்று. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீரைப் பார்த்தபடி அப்பா மெதுவாகச் சொன்னார்: "நூ ஸலோன்."

சித்தப்பா திரும்பி அண்ணனைப் பார்த்தார். அந்தம்மா சிரித்துக்கொண்டே "வூ ஸலே" என்று தொடர, சித்தப்பா "இல் வோன்" என்று முடித்துவைத்தார்.

"சரி, பேசிட்ட. சேந்துக்கோ," என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவுக்கும் பிரெஞ்சு தெரியும் என்று பள்ளி திறந்ததும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். தம்பி தோற்பான் என்று தெரிந்தே கேட்டவர், அவன் திணறியதும் தானே ஏன் எடுத்துக்கொடுத்தார் என்பது மட்டும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.