நான் நேராக்கிய கட்டங்கள்

ஒரே படத்தைப் பற்றி ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். காலையில் என் வீட்டுக்காரர். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னாலிருந்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, கட்டமெல்லாம் உப்பிக்கிட்டு கெடக்குது? ஊறப்போட்ட கடலை மாரி" என்றார். சாயங்காலம், கடற்கரைப் பக்கத்துத் தெருவில் தன் வீட்டு முன்கூடத்திலேயே படக் கண்காட்சி நடத்தும் ஒரு அம்மாள். அவர் அதே படத்தைத் தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உடம்ப எடுத்துட்ட. மூச்ச மட்டும் விட்டு வச்சிருக்க. எப்படிப் பண்ண?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டுமே விளங்கவில்லை. நான் பார்த்த படத்தில் உப்பலும் இல்லை, மூச்சும் இல்லை. ஒரு கைலி இருந்தது. அதன் கட்டங்கள் நேராக இருந்தன. நேராக வர வேண்டும் என்றுதான் நான் மூன்று வாரமாக மாரடித்திருந்தேன்.

நான் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் போட்டோ எடுக்கிறவள். எங்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் கூடத்துக்குள் ஆண் போட்டோகிராபர் வர முடியாது. அதனால் ஊரில் என் பிழைப்பு ஓடுகிறது. எடுத்த படங்களை வீட்டிலேயே உட்கார்ந்து எடிட் செய்வேன். மருதாணிக் கையும் ஜரிகைக் கரையுமாகப் பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் அதில் திரும்பத் திரும்ப வருவது எது என்று தேடுகிற புத்தி வந்துவிட்டது. பழைய பிரெஞ்சு வீட்டுத் தரையில் பதித்த பூக்கல்லைப் பார்த்தால், இதே பூவைத்தானே போன வாரம் மணப்பெண்ணின் துப்பட்டாவில் பார்த்தோம் என்று தோன்றும். யார் யாரைப் பார்த்துப் போட்டார்கள் என்று யோசித்தால் தலை சுற்றும்.

வீட்டுக்காரர் பெரிய மார்க்கெட் பக்கத்தில் கைலிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அத்தா, என் மாமனார், வைத்த கடை. அவருக்குக் கலை, கண்காட்சி எதுவும் தெரியாது, ஆனால் கட்டம் தெரியும். எந்தக் கைலியில் எத்தனை இழைக்கு ஒரு கோடு என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் எதையாவது எடிட் செய்து பெருமையாகக் காட்டும்போது அவர் முதலில் துணியைத்தான் பார்ப்பார். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கைலிப் படங்கள் எனக்கு மார்க்கெட்டில்தான் தோன்றின. காலையில் மூட்டை இறக்கிவிட்டு வரிசையாகக் குந்தியிருக்கும் ஆட்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கட்டம் போட்ட கைலி. முட்டி மடங்கிய இடத்தில் கட்டமும் மடங்குகிறது. தொடை பெருத்த இடத்தில் கட்டமும் பெருக்கிறது. கடையில் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தபோது இந்தத் துணி ஒரு கணக்காக இருந்தது, ஆள் உடுத்தியதும் அந்தக் கணக்கு கெட்டுவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதாவது, முகம் அப்படியே இருக்கும், கை அப்படியே இருக்கும், கூடை இருக்கும். கைலியின் கட்டங்கள் மட்டும் மடிப்பே இல்லாமல், கடையில் விரித்த மாதிரி நேராக ஓடும். ஆள் குந்தியிருப்பான், துணி மட்டும் அதை ஒப்புக்கொள்ளாது. ஆறு பேரிடம் கேட்டு, ஆறு பேரும் சரி என்று சொல்லி, ஆறு படம் எடுத்தேன். "மொகத்த விட்டுட்டு கைலியதான் எடுக்குறியா, நல்லாருக்கும்மா ஒன் ஞாயம்" என்று ஒருவர் சிரித்தார்.

எடுத்தது ஒரு காலை. நேராக்கியதுதான் பெரிய வேலை. எடிட்டிங்கில் கோட்டைப் பிடித்து இழுத்து நகர்த்த ஒரு வசதி உண்டு. ஒரு கட்டத்தைப் பார்த்து, வளைந்திருந்தால் மெல்லத் தள்ளி நேராக்கிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போவேன். கேமரா பிடித்துப் பிடித்து எனக்கொரு பழக்கம். எதையும் கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டர் முன்னாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் கட்டங்கள் லேசாக ஆடின. நெருக்கமான கட்டத்தை வெகுநேரம் பார்த்தால் யாருக்கும் ஆடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் புதிராக இருந்தது. ஒரு கட்டத்தைச் சரி செய்துவிட்டு அடுத்ததைப் பார்த்தால், கொஞ்சம் முன்பு வரை நேராகத் தெரிந்த அதுவும் வளைந்திருக்கும். இந்த வேலை ஏன் முடியவே மாட்டேன் என்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கண்காட்சி நடத்தும் அந்த அம்மாளை எல்லோரும் மதாம் என்போம். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பாதி ஆயுளைப் பாரீஸில் கழித்துவிட்டு வந்தவர். ஆறு படங்களையும் கண்காட்சிக்கு வைக்கலாம் என்று சொல்லி, இன்னும் நாலு செய்து தரச் சொன்னார். "இந்த அலை இருக்கே, இது வேணும். அத விட்டுடாத" என்றார். எந்த அலை என்று கேட்க வெட்கமாக இருந்தது. கலை தெரிந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் போல என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் இவர் உப்பல் என்கிறார், அங்கே அவர் அலை என்கிறார். என் படத்தில் எனக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதல் பிரிண்ட் வந்த அன்றுதான் சண்டை. சாப்பாட்டு மேஜை அளவுக்குப் பெரிய பிரிண்ட். அதை மேஜையிலேயே விரித்து வைத்திருந்தேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

"இத்தப் போயி வெள்ளக்காரன் பாக்கணுமா? நம்ம கடை மானம் போவுது."

"நேரா இருக்குறது உங்களுக்கு உப்பலாத் தெரியுதுன்னா, நீங்க மொதல்ல கண்ணப் போயி காட்டுங்க" என்றேன். எனக்கு வாய் அதிகம் என்பது ஊருக்கே தெரியும்.

அவர் சாப்பிடாமலே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் கடையிலிருந்து இரும்பு மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு வந்து, பிரிண்டின் மேல், கைலியின் ஒரு கோட்டை ஒட்டி வைத்தார்.

"இப்ப பாரு. நீயே பாத்து சொல்லு."

குனிந்தேன். இடது கண் வழக்கம்போல மூடிக்கொண்டது. கோட்டைப் பார்த்தேன், நேராக இருந்தது. கோலைப் பார்த்தேன். நடுவில் உள்ளே ஒடுங்கி வளைந்திருந்தது.

"உங்க கோலுதான் வளைஞ்சிருக்குது" என்றேன்.

அவர் சிரிக்கப் போனார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அந்தக் கண்ணத் தொற. இந்தக் கண்ண மூடு" என்றார்.

மூடினேன். இடது கண்ணுக்குக் கோல் நேராக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் என் கட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிதுங்கிக்கொண்டு நின்றன. மூன்று வாரமாக நான் செய்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். பயந்துபோனேன். அந்தப் பயத்திலும், இவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று இவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

மறுநாள் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து போட்டுக் காக்க வைத்து, கண்ணைப் படமெடுத்து, மதியம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா. ஒரு அட்டையை நீட்டினார். அதில் முழுக்கக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. கைலிக்காரன் பெண்டாட்டிக்கு இங்கேயும் கட்டம்தானா என்று நினைத்துக்கொண்டேன்.

"புள்ளியப் பாருங்கம்மா. கோடெல்லாம் எப்படித் தெரியுது?"

"நடுவுல உள்ள இழுத்துக்கிட்டு போவுது."

வலது கண்ணின் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார். பெரும்பாலும் தானாக வற்றிவிடும், மூன்று மாதம் பார்ப்போம், வற்றாவிட்டால் பார்வை கொஞ்சம் இப்படியே நின்றுவிடவும் கூடும் என்றார். எதனால் வந்தது என்று கேட்டேன். தூக்கம் கெட்டால் வரும், கவலை இருந்தால் வரும், சிலருக்குக் காரணமே தெரியாது என்றார். எனக்கு மூன்றும் பொருந்தின மாதிரியும் இருந்தது, ஒன்றும் பொருந்தாத மாதிரியும் இருந்தது.

"நீங்க எங்க பாக்குறீங்களோ அங்கதான் வளையும். பார்வை நகந்தா அதுவும் கூடவே நகரும்" என்றார்.

அப்போதுதான் வேலை ஏன் முடியவில்லை என்று புரிந்தது. நான் எந்தக் கட்டத்தில் கண்ணை வைத்தேனோ, அது உள்ளே ஒடுங்கியிருக்கிறது. அதை வெளியே தள்ளியிருக்கிறேன். அடுத்த கட்டத்திலும் அதையே செய்திருக்கிறேன். மதாம் பார்த்த அலை என் கண் நின்று நின்று போன இடங்கள். அது நோயா, வேலையா, இரண்டுமா? பஸ்ஸில் வரும்போது இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதாமிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். ஏமாற்றிப் பாராட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். "நோன், நோன்" என்று பிரெஞ்சிலேயே மறுத்துத் தலையை ஆட்டினார். "நீ நேரா போடணும்னு நெனச்ச. அது தானா இப்படி வந்துச்சு. சரி. அப்ப நான் பாத்து ஆடிப்போனேனே, அது என்னா? அதுவும் ஒன் கண்ணு தண்ணியா?" என்று என்னையே கேட்டார். இரண்டு பேரும் அந்தப் படத்தின் முன்னால் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில், படங்கள் இருக்கட்டும், பாக்கி நாலையும் செய் என்றார்.

செய்தேன். மார்க்கெட்டில் இன்னும் நாலு பேரிடம் கேட்டு எடுத்து வந்தேன். அந்த மூன்று மாதமும் கல்யாணம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மணப்பெண் முகத்தை நேராக்குகிறேன் என்று எதையாவது செய்து வைத்துவிடுவேனோ என்று பயம். வரச்சொன்னவர்களிடமெல்லாம் உடம்பு சரியில்லை என்றேன். பார்வை இப்படியே நின்றுவிட்டால் என் பிழைப்பு அவ்வளவுதான். ஒவ்வொரு வேளை தொழுகையிலும், யா அல்லா, இந்தக் கண்ணைத் திருப்பிக் கொடு என்று கையேந்தினேன். தொழுதுவிட்டு எழுந்து போய், அதே கண்ணை வைத்துக்கொண்டு கைலியை நேராக்க உட்கார்ந்தேன்.

ஏழாவது படம் நன்றாக வந்தது என்று மதாம் சொன்னார். எட்டாவதைப் பார்த்துவிட்டு, அலை குறைகிறதே என்றார். ஒன்பதாவது படத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கைலி. கண்ணில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அழிச்சாட்டியமாக உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒவ்வொரு கட்டத்தையும் பிதுக்கிப் பத்தாவது படத்தைச் செய்தேன். வீட்டுக்காரர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"இது நீ வேணும்னு பண்ணது" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தெரியல. இதுல நீ எதையும் சரிபண்ணப் பாக்கல." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது மாதம் கோரிமேட்டுக்குப் போன அன்று வீட்டுக்காரரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மா இடது கண்ணை மறைத்துக்கொள்ளச் சொன்னார்.

"புள்ளியப் பாருங்க. எங்கயாவது வளையுதா?"

பார்த்தேன். நடுவில் நேர். மேலே நேர். கீழே நேர். எந்தப் பக்கம் கண்ணை நகர்த்தினாலும் கோடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. கேட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. அப்படியும் நான் அட்டையைக் கீழே வைக்கவில்லை. ஓரம் ஓரமாகத் தேடினேன். மூலையில் ஒரு கோடாவது, கொஞ்சமாவது உள்ளே இழுக்காதா என்று தேடினேன். இவ்வளவு நேரம் ஆனதைப் பார்த்து டாக்டரம்மா கவலையோடு முன்னால் சாய்ந்தார்.

"சொல்லுங்கம்மா. வளையுதா?"

"இல்ல டாக்டர். எல்லாமே நேராத்தான் இருக்குது" என்றேன்.

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். கைப்பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "பரவால்ல விடும்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம். கல்யாணம் எடுக்காட்டி என்னா, கடை இருக்குதுல்ல" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து மெதுவாகப் படி இறக்கினார். கண் சரியாகிவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் வாய் வரவில்லை.