மூன்றாவது கியர்

பேய், பிசாசு என்று எந்தப் பையனாவது ஆரம்பித்தால் மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டு அனுப்புகிற பி.டி. வாத்தியார் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. என் டாக்டரே சிரித்துவிட்டார்.

வாலிபால் ஆடும்போது இடது முழங்கால் ஜவ்வு கிழிந்துபோனது. சென்னையில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, இறந்துபோன யாரோ ஒருவரின் ஜவ்வை உள்ளே வைத்துத் தைத்தார்கள். யாருடையது என்று கேட்டேன், சொல்லக்கூடாது என்றார்கள். சரி, நமக்கெதற்கு, கால் நம் பேச்சைக் கேட்டால் போதும், மறுபடி பிள்ளைகளோடு ஓடினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

கேட்டால்தானே? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஏழு மணி தனியார் பஸ். காலை நீட்ட வசதியாக டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவேன். வண்டி கிளம்பியதும் இடது கால் தானாகத் தரையை மிதிக்கும். நம்பினால் நம்புங்கள், டிரைவர் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுவதற்கு ஒரு நொடி முன்னால் மிதிக்கும். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாலும் நிற்காது. வேறு பஸ்ஸில் ஏறினால் சாதுவாகக் கிடக்கும், ஆனால் அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது. மூன்று முறை ஸ்கேன் எடுத்தாயிற்று. வைத்த ஜவ்வில் நரம்பே கிடையாது, அது வெறும் மெத்தை, உங்களுக்கு மனசுதான் சரியில்லை என்றார் டாக்டர். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

ஒருநாள் விக்கிரவாண்டி தாண்டியதும் டிரைவர் முதல்முறையாக என்னிடம் பேசினார். அறுபதை நெருங்கியவர், அதிகம் வாய் திறக்காதவர்.

"சார் வண்டி ஓட்டுவீங்களா?"

சைக்கிளைத் தவிர எதையும் தொட்டதில்லை என்றேன்.

"இந்த வண்டியில மூணாவது கியரு சிக்கிக்கினு நிக்கும். ரெண்டு வாட்டி மிதிச்சாதான் விழும். நீங்க கரெக்டா அங்க மட்டும் ரெண்டு வாட்டி மிதிக்கிறீங்க. அது எனக்கும் இன்னொருத்தனுக்கும்தான் தெரியும்."

யார் அந்த இன்னொருத்தன் என்று கேட்டேன். ஆபரேஷன் கதையைச் சொல்லி, விழுப்புரம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் பார்த்தார்.

இப்போதும் அதே பஸ்தான். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் தன் துண்டைப் போட்டு எனக்கு அந்த சீட்டைப் பிடித்து வைக்கிறார். பதில் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. ஆளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக ஒன்றைக் கவனிக்கிறேன், அதனால் கேட்க வாய் வருவதில்லை. மூன்றாவது கியர் போட வேண்டிய இடத்தில் அவர் கால் கிளட்ச்மேல் சும்மா இருக்கிறது. என் கால் இரண்டு முறை மிதித்து முடிக்கிறது. அதற்கப்புறம்தான் அவர் மிதிக்கிறார்.