வயிற்றுப் பிள்ளையின் பங்கு

என் அண்ணன் மக்கு என்பதில் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. என்னைவிட மூத்தவன், ஆனால் என் தோளுக்குத்தான் வருவான். கடைக்கு அனுப்பினால் போகிற வழியிலேயே மறந்துவிட்டு, "அம்மா என்னா வாங்கச் சொன்னாங்க?" என்று கடைக்காரரிடமே கேட்பான். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பாள் அம்மா. தன் வம்சத்தில் இப்படி யாரும் இல்லை என்பார் அப்பா.

பக்கத்துக் காம்பராவில்தான் சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அந்த வருடம்தான் அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. தீபாவளிக்கு முன், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நடந்த கிளினிக்குக்கு அம்மா அவளைக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே மிட்வைஃப் மிஸ் பேசினார். "தாய் குடிச்சா வயித்துல இருக்கிற புள்ளையும் குடிக்குது. அதால தாங்க முடியாது. மூளை வளர்ற நேரத்துல பழுதாகிப்போகும். பொறந்த பொறகு சிலதுகளுக்குப் படிப்பு ஏறாது, சொன்னது மனசுல நிக்காது, வளர்த்தியும் இருக்காது. பொறகு அதைச் சரியாக்க மருந்து இல்ல. ஆனா நீங்க குடிக்காம இருந்தா, இது வரவே வராது."

"ஒடம்பு வலிக்குக் கொஞ்சூண்டு மிஸ்?" என்றாள் ஒருத்தி.

"கொஞ்சமும் வேணாம். கள்ளு, பியரு, சாராயம் எல்லாம் ஒண்ணுதான். இதுவரைக்கும் குடிச்சிருந்தாலும் இன்னைக்கே நிறுத்துங்க, அதுவே புள்ளைக்கு நல்லது. வீட்டு ஆம்பளைங்ககிட்டயும் சொல்லுங்க."

எனக்கு ஒரே குழப்பம். வயிற்றுக்குள் பிள்ளை எதில் வாங்கிக் குடிக்கும்? குட்டிக் கோப்பை ஏதாவது வைத்திருக்குமா? திரும்பி வரும்போது சித்தியின் வயிற்றில் காதை வைத்து, "பாப்பா பிளேன்டீ குடிக்குமா?" என்று கேட்டேன். சித்தி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. பாதையோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது."

நாங்கள் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். இறக்கத்தில் எப்படி மூச்சு வாங்கும் என்றும் எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். அண்ணன் சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அப்பாவிடம், "இவன் வயித்துல இருந்தப்ப…" என்று ஆரம்பித்தவள், என்னைக் கண்டதும் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

எங்கள் லயத்தில் ஆண்கள் குடித்தால்தான் அதற்குப் பெயர் குடி. மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் வாயில் ஊற்றிக்கொள்வது மருந்துக் கணக்கில் சேர்ந்துவிடும். தீபாவளி மத்தியானம் கறிச்சோற்றுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியபோது, சித்தப்பா சாராயப் போத்தலோடு வந்தார். சந்தோஷமாக ஒரு கிளாசில் ஊற்றிச் சித்தியிடம் நீட்டினார்.

"இன்னைக்கு ஒனக்கு ரெண்டு பங்கு. உள்ள ஒரு ஆளு இருக்குல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா எழுந்து வந்து அந்தக் கிளாசைப் பறித்துச் சுவரில் வீசியடித்தாள்.

சித்தப்பாவின் முகம் கறுத்துப்போனது. "என்னா மதினி இது? நல்ல நாளும் அதுவுமா! நீங்க குடிக்காததா? மூத்தவன் வயித்துல இருக்கையில ஒங்க வீட்டுக்காரரு ஊத்திக் குடுத்தாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஆமா, குடிச்சேன்" என்றாள் அம்மா. "அதனாலதான் சொல்றேன். அன்னைக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லலயே."

எல்லார் கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பியது. ஏன் அவனைப் பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். தினமும் பார்க்கிற அதே முகம்தான், வாயோரத்தில் கறி ஒட்டியிருந்தது. அப்பா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். சித்தி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா போத்தலை மூடிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை பிறக்கும்வரை சித்தி அதைத் தொடவே இல்லை. அந்தப் பிள்ளை இப்போது கண்டியில் படிக்கிறாள்.

அண்ணன் என்னோடுதான் இருக்கிறான். பல வருடங்களுக்குப் பிறகு அவனைப் பரிசோதித்த டாக்டர், குடி காரணமாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்தச் சந்தேகத்தின் பலனை அம்மா ஒருநாளும் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தீபாவளியன்று எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அண்ணன் பயந்துபோனான். வீட்டில் எது உடைந்தாலும் முதல் அடி அவனுக்குத்தான் விழும். கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "நான் ஒடைக்கலம்மா" என்றான்.

அம்மா அவன் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். "நீ ஒடைக்கல ராசா. நீ ஒண்ணுமே ஒடைக்கல."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். கிளாசை வீசியது அம்மாதான் என்பதை நாங்கள் எல்லாரும்தான் பார்த்தோமே, இதைச் சொல்வதற்கு எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்குப் புரியவே இல்லை.